நந்தாதேவி: சுற்றிலும் மதில், வெளியேற ஒரே மடை

டில்லி வழியாக டேராடூனுக்குப் போகும் ரயில் ஒன்றுக்கு 'நந்தாதேவி எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஊரிலிருந்து பத்ரி யாத்திரைக்கு வந்த பெரியவர் ஒருவர், நான் உட்கார்ந்திருந்த முன்பதிவுக் கவுண்டருக்கு வந்து ஒரு நாள் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த வண்டி நந்தாதேவிக்கே போகுமா? அது எந்த ஸ்டேஷனுக்கு அடுத்தது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயர் போட்ட டிக்கெட்டை ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நந்தாதேவி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஹரித்துவாரில் இறங்கிக்கொள்ளுங்கள் ஐயா, அதற்குமேல் பஸ்தான்" என்று சமாளித்தேன். அதன் பிறகு படங்களைப் புரட்டினேன். விவரம் அறிந்தவர்களைக் கேட்டேன். 2022 அக்டோபரில் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலும் போய் வந்தேன். அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரயில் நின்றுவிடும் டேராடூனிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே, பறவை பறக்கும் கணக்கில் 185 கிலோமீட்டர் தொலைவில், உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது நந்தாதேவி சிகரம். உயரம் 7,816 மீட்டர். அதாவது 25,643 அடி. இன்று இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் கஞ்சன்ஜங்கா. ஆனால் அது நேபாள எல்லையில் நிற்கிறது. முழுக்க முழுக்க நம் நாட்டு மண்ணுக்குள்ளேயே நிற்கும் சிகரங்களில் முதலிடம் நந்தாதேவிக்குத்தான். 1975-ல் சிக்கிம் இந்தியாவோடு சேரும்வரை நாட்டின் மிக உயர்ந்த சிகரம் என்ற பெருமையும் இதற்கே இருந்தது. அதற்கும் முன்னால், தவளகிரியின் உயரத்தைக் கணக்கிடும்வரை, உலகிலேயே உயர்ந்தது இதுதான் என்று நினைத்திருந்தார்கள்.

மலைகளை அளந்து கணக்கெழுதிய சர்வே இலாகாவின் தலைமையிடமும் டேராடூன்தான். அந்தப் பெரிய நில அளவை தொடங்கிய இடமோ நம் சென்னைப் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்து முதல் கோட்டைக் குறித்தார். அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போய்த்தான் இமயமலை வரை எட்டினார்கள்.

கண்மாய் போன்ற அமைப்பு

நந்தாதேவியின் தனித்தன்மை அதன் உயரத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளட்டும். சுற்றிலும் கரை, உள்ளே பள்ளம், தண்ணீர் வெளியேற ஒரு மடை. அந்தக் கரையை மண்ணுக்குப் பதிலாகப் பனிமலைகளால் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கரையின் சுற்றளவு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். எந்த இடத்திலும் 17,000 அடிக்குக் குறையாது. வடக்கே துனாகிரி (7,066 மீட்டர்), சங்காபாங், கலங்கா, கிழக்கே ஹர்தியோல், நந்தாதேவி கிழக்குச் சிகரம் (7,434 மீட்டர்), தெற்கே மைக்தோலி, தென்மேற்கே திரிசூல் (7,120 மீட்டர்). இந்த மதிலுக்கு உள்ளே, பிரதான நந்தாதேவி தனியே எழுந்து நிற்கிறது. அதையும் கிழக்குச் சிகரத்தையும் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கத்திமுனை விளிம்பு இணைக்கிறது.

மலையின் இரு பக்கமும் இரண்டு பெரிய பனியாறுகள் இறங்குகின்றன. வடக்கே இறங்குவது உத்தரி நந்தாதேவி, தெற்கே இறங்குவது தக்ஷிணி நந்தாதேவி. பனி உருகிவரும் நீரெல்லாம் சேர்ந்து ரிஷி கங்கை ஆகிறது. மதில் முழுவதிலும் ரிஷி கங்கைக்குக் கிடைத்த வழி ஒன்றே ஒன்று. மேற்கே பாறையை அறுத்துக்கொண்டு, செங்குத்தான ஒரு குறுகிய பள்ளத்தின் வழியே அது வெளியே பாய்கிறது. மடை என்று நான் சொன்னது இதைத்தான். வெளியே வந்த ரிஷி கங்கை ரைணி என்ற கிராமத்துக்கு அருகில் தவுளி கங்கையில் விழுகிறது. தவுளி கங்கை விஷ்ணுப் பிரயாகையில் அலகநந்தாவோடு கலக்கிறது. தேவப் பிரயாகையில் பாகீரதியோடு சேர்ந்த பிறகுதான் கங்கை என்ற பெயர்.

நம்மவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. தேவப் பிரயாகை பெரியாழ்வார் பாடிய தலம். ஜோஷிமட்டைத்தான் (2024 முதல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவப் பெரியோர் சொல்வர். ஆண்டுதோறும் எத்தனையோ தமிழர்கள் ஜோஷிமட்டில் பஸ் மாறி பத்ரிக்குப் போகிறார்கள். பத்ரி சாலை இடதுபுறமாகப் பிரிந்து ஆழமான பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுவதால், வலதுபுறம் மலைகளுக்குப் பின்னே நிற்கும் நந்தாதேவியைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை.

உள்ளே போன முதல் ஐந்து பேர்

வெளியே வருவது தண்ணீருக்கே அத்தனை சிரமம் என்றால், உள்ளே போவது மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்? 1883-ல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் முயன்று திரும்பினார். 1905-ல் லாங்ஸ்டாஃப் என்ற மருத்துவர் கிழக்கு மதிலின் மேல் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்; இறங்க முடியவில்லை. ரட்லெட்ஜ் என்ற அதிகாரி 1926, 1927, 1932 என்று மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றார். கடைசியில் 1934-ல் ஷிப்டன், டில்மன் என்ற இரு ஆங்கிலேயரும், அங்தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களும் ரிஷி கங்கைப் பள்ளத்தின் பாறைச் சுவரைப் பிடித்தபடியே சென்று உள்ளே காலெடுத்து வைத்தார்கள். சில மைல் தூரத்தைக் கடக்கப் பல நாள் பிடித்தது. உள்ளே அவர்கள் கண்டது புல்வெளி. மனிதரைப் பார்த்தறியாத காட்டு ஆடுகள்.

இரண்டாண்டு கழித்து, 1936 ஆகஸ்ட் 29 அன்று, டில்மனும் ஓடெல் என்பவரும் உச்சியை மிதித்தார்கள். 1950 வரை மனிதன் ஏறிய மிக உயர்ந்த சிகரம் அதுவே. அதே பயணத்தில் கிதார் என்ற ஷெர்பா நோயுற்று அடிவார முகாமிலேயே இறந்துபோனார். ஏறியவர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கிதாரின் பெயரைக் கண்டுபிடிக்க நான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

1964-ல் இந்தியக் குழுவின் சார்பில் நவாங் கோம்பு, தாவா நோர்பு இருவரும் உச்சியை அடைந்தனர். 1976-ல் நடந்தது வேறு விதமான கதை. அன்சோல்ட் என்ற அமெரிக்க மலையேறி இளவயதில் இந்தச் சிகரத்தைப் பார்த்து மயங்கி, தமக்குப் பிறந்த பெண்ணுக்கு நந்தாதேவி என்றே பெயர் வைத்தார். வளர்ந்த மகள் தந்தையோடு ஏற வந்தாள். உச்சிக்கு அருகே, கடைசி முகாமில், தந்தையின் கண்ணெதிரிலேயே உயிர்விட்டாள்.

மலையில் தொலைந்த பெட்டி

இந்த மலையில் இன்றுவரை கிடைக்காத ஒரு பொருள் உண்டு. 1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டைச் சோதித்தது. அந்தச் சோதனைகளை உளவு பார்க்க ஓர் எலெக்ட்ரானிக் கருவியை நந்தாதேவி உச்சியில் வைப்பதென்று அமெரிக்க உளவுத் துறையும் இந்திய உளவுத் துறையும் சேர்ந்து திட்டமிட்டன. கருவிக்கு மின்சாரம் தருவது புளூட்டோனியம் அடைத்த ஒரு சாதனம். 1965 அக்டோபரில் கேப்டன் எம்.எஸ். கோலி தலைமையில் சென்ற குழு உச்சியை நெருங்கிய சமயம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தால் போதும் என்று, சுமந்து போனதைப் பாறையில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-ல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெட்டியும் இல்லை, அது இருந்த இடமும் இல்லை. பனிச்சரிவு வாரிக்கொண்டு போயிருந்தது.

1978-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை வெளியிட்டது. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் எழுந்து உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். விஞ்ஞானிகள் குழு போட்டு ஆற்று நீரைச் சோதித்தார்கள். கதிர்வீச்சின் அடையாளம் இல்லை. ஆனால் மடைக்குக் கீழே இருக்கும் கிராமத்தாருக்கு அந்தப் பெட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெளியே வர வேண்டுமானால் தங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கதவு மூடியது

1974 முதல் வெளிநாட்டு மலையேறிகள் சாரிசாரியாக வந்தனர். வந்தவர்கள் மரத்தை வெட்டி எரித்தார்கள். டின்களையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டுப் போனார்கள். கஸ்தூரி மான் வேட்டையும் நடந்தது. 1982-ல் 630 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து மலையேறவும் ஆடு மேய்க்கவும் தடை போட்டார்கள். 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. 1993-ல் ராணுவத்தினரும் விஞ்ஞானிகளும் உள்ளே போய்ப் பழைய குப்பையை மூட்டை மூட்டையாக வெளியே கொண்டுவந்தார்கள்.

காட்டுக்கு இது நல்லது. மறுப்பார் யார்? ஆனால் மடைக்கு வெளியே இருக்கும் லாதா, ரைணி கிராமத்தார்கள் போட்டியா இனத்தவர். தலைமுறை தலைமுறையாகத் திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். 1962 சீன யுத்தத்தோடு அந்த வியாபாரம் நின்றது. பிறகு ஆடு மேய்த்தார்கள், மலையேறிகளுக்குச் சுமை தூக்கினார்கள். 1982-ல் அதுவும் நின்றது. லாதாவில் ஒரு டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் இதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "பாபுஜி, சர்க்கார் இரண்டு தடவை எங்கள் கதவைச் சாத்தியது. ஒரு தடவை வடக்குக் கதவு, ஒரு தடவை கிழக்குக் கதவு." பையனாக இருந்தபோது தரான்சி கணவாய் தாண்டி திப்ருகேட்டா புல்வெளி வரை ஆடு ஓட்டிப் போனாராம். அவருடைய பேரன்கள் இருவரும் டேராடூனில் ஓட்டல் வேலையில் இருக்கிறார்கள். அந்தப் புல்வெளியைப் பேரன்கள் பார்த்ததில்லை.

1998-ல் லாதா மக்கள் தடையை மீறிப் பூங்காவுக்குள் நுழைந்து தங்கள் உரிமையைக் கேட்டார்கள். அதன் பிறகு வெளி எல்லையில், குறிப்பிட்ட இடம் வரை, உள்ளூர் வழிகாட்டியோடு போக அனுமதி வந்தது. சிகரத்துக்கு வழி திறக்கவில்லை.

ரைணி கண்ட இரண்டு காலை

ரைணியின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1970-ல் அலகநந்தாவில் பெருவெள்ளம் வந்து சமோலியைப் புரட்டிப் போட்டது. மேலே மரத்தை வெட்டினால் கீழே வெள்ளம் வரும் என்று மலை ஜனங்கள் அப்போதே தெரிந்துகொண்டார்கள். அப்படியிருக்க, 1974-ல் ரைணிக் காட்டில் சுமார் 2,500 மரங்கள் ஏலம் போயின. மார்ச் 26 அன்று, நிலத்துக்கு நஷ்ட ஈடு தருவதாகச் சொல்லி ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டு, கான்ட்ராக்டரின் ஆட்களைக் கோடாரியோடு காட்டுக்கு அனுப்பினார்கள். கௌரா தேவி என்ற கைம்பெண் இருபத்தேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மரங்களுக்கு முன்னால் நின்றார். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்றார்கள். இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 'சிப்கோ' இயக்கம் உலகெங்கும் பேசப்பட்டது இதன் பிறகுதான். அரசு குழு அமைத்து, அந்த வட்டாரத்தில் பத்தாண்டுக்கு மரம் வெட்டத் தடை விதித்தது.

தாய்வீடு என்று அவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. அந்த மலை ஜனங்களுக்கு நந்தாதேவி புகுந்த வீட்டுக்குப் போன மகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ராஜ் ஜாத் யாத்திரையில், கர்ணப் பிரயாகைக்கு அருகே நௌட்டி கிராமத்திலிருந்து கிளம்பி, நான்கு கொம்பு ஆட்டை முன்னே விட்டு, பிறந்த வீட்டுச் சீரோடு அவளைக் கைலாயத்துக்கு வழியனுப்பப் போகிறார்கள். கண்ணீரோடு பாடிக்கொண்டே மலை ஏறுவார்கள். 2014-ல் அப்படி ஒரு யாத்திரை நடந்தது.

ரைணியின் இரண்டாவது காலை 2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. நந்தாதேவி மதிலின் தென்மேற்கு முனையை ஒட்டி ரோந்தி என்று ஒரு சிகரம் இருக்கிறது. அன்று காலை பத்தரை மணி சுமாருக்கு அதன் வடக்கு முகத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பெயர்ந்து, ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே விழுந்தது. விழுந்த வேகத்திலும் உராய்விலும் பனி உருகி, பாறை பொடிந்து, சேறும் கல்லுமாக ரோந்தி ஓடை வழியே ரிஷி கங்கையில் இறங்கியது. குளிர்காலத்தில், மழை ஒரு துளி இல்லாத நாளில், மடையிலிருந்து வெள்ளம் பாய்ந்தது. ஏரி உடைந்தது என்று முதலில் சொன்னார்கள். பெட்டி வெடித்தது என்று ஊரார் சொன்னார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த விஞ்ஞானிகள், இரண்டும் இல்லை, மலையே சரிந்தது என்று கண்டறிந்தார்கள்.

ரைணியில் 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம் இருந்தது. அதற்குக் கீழே தபோவனத்தில் 520 மெகாவாட் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் வெள்ளம் அடித்துச் சென்றது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 204 பேர். பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி போன்ற சமவெளி மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். நம்மைப் போல, ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள். ஒரு சுரங்கத்தில் சிக்கியவர்களில் ஒருவருக்குச் செல்போன் சிக்னல் கிடைத்து, அவர் தகவல் சொன்னதால் பன்னிரண்டு பேரை அன்றே மீட்டார்கள். மற்றொரு சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

காகிதத்தோடு பிழைக்கும் குமாஸ்தா என்பதால் ஒரு விஷயத்தை நான் விடாமல் கவனித்தேன். காணாமற்போன ஒருவர் இறந்ததாகச் சட்டம் கருதுவதற்கு வழக்கமாக ஏழு ஆண்டு ஆக வேண்டும். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் நஷ்ட ஈடும் இல்லை, வங்கிப் பணமும் இல்லை. உடல் கிடைக்காதவர்கள் நூற்றுக்கும் மேல். இரண்டு வாரத்துக்குப் பிறகு அரசு தனி உத்தரவு போட்டு, அவர்களுக்கும் சான்றிதழ் வழங்க வழி செய்தது. எங்கோ ஒரு குமாஸ்தா அந்தக் கோப்பை வேகமாக நகர்த்தியிருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

வெள்ளத்துக்கு இரண்டாண்டு முன்பே, 2019-ல், மின் திட்ட வேலையில் வெடி வைக்கிறார்கள் என்று ரைணிவாசி ஒருவர் உயர்நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூன் மழையில் ஊரின் நிலமே சரியத் தொடங்கியதால், கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது சிலை ஊரில் இல்லை. ஆற்றங்கரையில் வீட்டளவு பாறைகள் கிடந்தன. அடித்துச் செல்லப்பட்ட பாலத்துக்குப் பதிலாக எல்லைச் சாலை அமைப்பினர் போட்ட இரும்புப் பாலத்தில் ராணுவ லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

போக விரும்புவோருக்கு

ஹரித்துவார் அல்லது ரிஷிகேசத்தில் இறங்கி ஜோஷிமட் பஸ் பிடிக்க வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் ஆகும். ரிஷிகேசத்திலிருந்து கர்ணப் பிரயாகை வரை 125 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடும் வேலை நடந்துவருகிறது. அதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். சுரங்கம் என்றாலே எனக்கு இப்போது தபோவனம்தான் ஞாபகம் வருகிறது.

ஜோஷிமட்டில் நான் தங்கிய விடுதியின் மாடிப்படிச் சுவரில் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. கேட்டதற்கு, "பழைய கட்டடம் சாப்" என்றார்கள். மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரியில், அந்த ஊரில் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டு குடும்பங்களை வெளியேற்றினார்கள். பழைய மலைச்சரிவின் மண்மேல் அமைந்த ஊர் இது, கனமான கட்டடங்கள் கூடாது என்று 1976-லேயே ஓர் அரசுக் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. தங்குமிடத்தை விசாரித்துப் பிடிப்பது நல்லது.

சிகரத்தைக் காண ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஔலிக்குப் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். விடியும்முன் எழுந்து, ஜீப்பில் நான்கு பேரோடு பங்கு போட்டுக்கொண்டு போனேன். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், முன்னால் நிற்கும் மலைகளுக்கெல்லாம் மேலே, இரண்டு முனை கொண்ட அந்த உச்சியில் மட்டும் முதல் வெயில் பட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுதும் இருட்டு. கால் மணி நேரத்தில் மேகம் வந்து மூடிவிட்டது.

லாதாவுக்கும் ரைணிக்கும் ஜோஷிமட்டிலிருந்து நீத்தி போகும் சாலையில் பங்கு ஜீப் கிடைக்கும். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு. லாதாவில் நந்தாதேவி கோயில் உண்டு. மாலை ஜீப் சீக்கிரம் நிறைந்துவிடும். நான்கு மணிக்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும்.